நாவின் வேட்கையும் நடுவழியும்

பஞ்சசீலத்தை ஏற்று வாழும் பௌத்த இல்லறத்தார் தம் உணவைக் குறித்து ஆராயுங்கால், கள்ளும் பிற மயக்கப் பொருள்களும் விலக்கப்பட்டனவா என்பதோடு ஆராய்ச்சியை முடித்துவிடுதல் பெருவழக்கு. நாவின் சுவையைப் பற்றிய சிந்தனை பிக்குகளுக்கே உரியது, இல்லறத்தார்க்கு அஃது ஒரு பொருட்டன்று என்று எண்ணுவோரும் உளர். ஆனால் அறம் என்பது பெருஞ்செயல்களில் மட்டும் விளங்கித் தோன்றுவதன்று. நாளொன்றுக்கு நான்கு முறை அருந்தும் தேநீரிலும், குழந்தையின் கையில் கொடுக்கும் புட்டியிலும், விருந்தினர் முன் வைக்கும் தட்டிலும் அது விளங்குதல் வேண்டும். அவ்வகையில் இக்காலத்தே எழுந்துள்ள வினா ஒன்றை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். சர்க்கரையை நீக்கிவிட்டு, அதனிடத்தில் செயற்கை இனிப்பைச் சேர்த்து உண்பவன் புலனடக்கத்தை மேற்கொண்டவன் ஆவானா? ஆகான் எனின், அவன் விட்டது எது, விடாதது எது?

இவ்வினா வீண்வினா அன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில், சென்னையைச் சேர்ந்த நீரிழிவு ஆய்வாளர்கள் நாடு முழுவதும் நடத்தி 2023-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, இந்தியாவில் நீரிழிவு உடையோர் ஏறத்தாழ 10 கோடியே 10 லட்சம் பேர். அந்நோயின் வாயிலில் நிற்போர் 13 கோடியே 60 லட்சம் பேர். ஐதராபாத், செகந்திராபாத் ஆகிய இரட்டை நகரங்களில் வாழும் தமிழ்ப் பௌத்தக் குடும்பங்கள் இக்கணக்கிற்குப் புறம்பானவை அல்ல. தேநீர்க் கடையில் அமர்ந்து, சர்க்கரை வேண்டா என்று சொல்லிவிட்டுச் சட்டைப் பையிலிருந்து சிறு வெண்மாத்திரை ஒன்றை எடுத்துக் கோப்பையில் இடும் பெரியவரை நாம் நாள்தோறும் காண்கின்றோம். கடைகளில் 'சர்க்கரை அற்றது' என்னும் முத்திரையோடு பிஸ்கட்டும், மிட்டாயும், குளிர்பானமும் வரிசையாக நிற்கின்றன. நோயாளர்க்கென்று வந்த பொருள் நோயற்றோர் இல்லங்களிலும் புகுந்துவிட்டது. உடல் மெலிய விரும்பும் இளைஞர் அறிந்தே அருந்துகின்றனர். குழந்தைகள் அறியாமல் அருந்துகின்றனர்.

உடல்நலச் செய்திக்குத் தம்ம இதழில் இடம் உண்டோ எனின், உண்டு என்போம். 1898-ஆம் ஆண்டில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவித் தமிழ் மக்களிடையே பௌத்தத்தை மீட்டெடுத்த பண்டிதர் அயோத்திதாசர் தொழிலால் சித்த மருத்துவர். நம்மைத் தம்மத்தின் வழியில் செலுத்திய அண்ணல் அம்பேத்கர் தம் இறுதி ஆண்டுகளில் நீரிழிவால் பெரிதும் வருந்தியவர். உடலும் உள்ளமும் ஒன்றையொன்று சார்ந்து நிற்பன என்பது பகவன் புத்தரின் போதனை. ஆதலின் நாவை ஆராய்வதும் தம்ம ஆராய்ச்சியே ஆகும்.

இவ்வினிப்புகள் தோன்றிய வகை

செயற்கை இனிப்புகளின் வரலாற்றை நோக்குவார்க்கு ஒரு வியப்புத் தோன்றும். அவற்றுள் பெயர் பெற்றவை பல, ஒருவரும் தேடாமல் நாவில் வந்து தட்டுப்பட்டவையே. 1879-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில், பேராசிரியர் ஐரா ரெம்சனின் ஆய்வுக்கூடத்தில், நிலக்கரித் தாரிலிருந்து பெற்ற பொருள்களை ஆராய்ந்துகொண்டிருந்தார் கான்ஸ்டன்டின் ஃபால்பெர்க் என்பவர். கையைச் செவ்வையாகக் கழுவாமல் அவர் உணவிற்கு அமர்ந்தபோது, எடுத்த ரொட்டி இனித்தது. அதுவே சாக்கரின். 1937-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்து மைக்கேல் ஸ்வேடா, ஆய்வு மேசையின்மேல் வைத்திருந்த சிகரெட்டை மீண்டும் வாயில் வைத்தபோது சைக்கிளமேட் என்னும் பொருளின் இனிமையை உணர்ந்தார். 1965-இல் வயிற்றுப்புண்ணுக்கு மருந்து தேடிய ஜேம்ஸ் ஷ்லாட்டர், தாளை எடுப்பதற்காக விரலை நாவில் நனைத்தபோது அஸ்பர்டேமைக் கண்டார். 1976-இல் லண்டனில் ஆய்வு செய்துகொண்டிருந்த இந்தியரான சசிகாந்த் பட்னிஸ், ஒரு பொருளைச் சோதிக்குமாறு பேராசிரியர் ஆங்கிலத்தில் கூறியதைச் சுவைக்குமாறு கூறியதாகச் செவியேற்று நாவில் இட்டார்; சுக்ரலோஸ் வெளிப்பட்டது.

அஸ்பர்டேம் சர்க்கரையினும் ஏறத்தாழ 200 மடங்கும், சாக்கரின் 300 மடங்கிற்குக் குறையாமலும், சுக்ரலோஸ் ஏறத்தாழ 600 மடங்கும் இனிப்பன. மிகச் சிறிய அளவே போதுமாதலின், அவற்றால் உடலுக்குச் சேரும் ஆற்றல் இல்லை என்றே சொல்லலாம். முதல் உலகப் போரின்போது ஐரோப்பாவில் சர்க்கரைக்குத் தட்டுப்பாடு நேர, சாக்கரின் வீடுதோறும் புகுந்தது. பின்னர் நீரிழிவு நோயாளர்க்கு அது துணையாயிற்று. இவ்வளவில் அதனைக் குறை கூறுவதற்கு இடமில்லை. ஆயினும் ஒரு வேறுபாட்டை நாம் மறத்தலாகாது. சர்க்கரை, மிகுந்தால் தீங்கு செய்யும் உணவு. இவையோ உணவே அல்ல, உணவின் சுவையை மட்டும் ஏந்தி வருவன. இனிப்பு வந்தது என்று நா சொல்ல, ஒன்றும் வரவில்லை என்று வயிறு சொல்லும்.

அறிவியலார் கூறுவன

உணவிற்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை ஆராய்வதில் இந்நகரத்திற்கு ஒரு சிறப்பு உண்டு. தார்நாகாவில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் தமிழ் மண்ணிலே பிறந்தது. 1918-ஆம் ஆண்டில் நீலகிரியைச் சேர்ந்த குன்னூரில், ராபர்ட் மெக்காரிசன் என்னும் மருத்துவர் பெரிபெரி நோயை ஆராய்வதற்காகத் தொடங்கிய சிறு ஆய்வுக்கூடமே அதன் தொடக்கம். 1958-இல் அது ஐதராபாத்திற்குப் பெயர்ந்தது. 1969-இல் இப்போதைய பெயரைப் பெற்றது. அந்தப் பெரிபெரி நோயின் காரணம் யாது? நெல்லைத் தீட்டித் தீட்டி வெண்மையாக்கியபோது, தவிட்டோடு உயிர்ச்சத்தும் நீங்கியது. வெள்ளை அரிசியைக் கண் விரும்பிற்று. கால்கள் வீங்கவும் நரம்புகள் தளரவும் உடல் அதற்கு விலை கொடுத்தது. ஒரு புலனின் விருப்பத்திற்காக உணவின் இயல்பை மாற்றும்போது, அம்மாற்றத்தின் பயன் வேறோரிடத்தில் வந்து தோன்றும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

செயற்கை இனிப்பைப் பற்றி இன்று அறியப்பட்டன எவை? 2023-ஆம் ஆண்டு மே மாதத்தில் உலக சுகாதார நிறுவனம் ஒரு வழிகாட்டுதலை வெளியிட்டது. உடல் எடையைக் கட்டுப்படுத்தவோ, தொற்றா நோய்களைத் தடுக்கவோ இவ்வினிப்புகளைக் கருவியாகக் கொள்ளவேண்டா என்பது அதன் கருத்து. நீண்ட காலப் பழக்கத்தால் உடற்கொழுப்புக் குறைந்ததாக ஆய்வுகள் காட்டவில்லை என்றும், நீரிழிவும் இதயநோயும் தோன்றும் வாய்ப்பு மிகக்கூடும் என்றும் அது கூறியது. சான்றுகள் முற்ற முடிந்தவை அல்லவாதலின், இதனை நிபந்தனையோடு கூடிய பரிந்துரையாகவே அந்நிறுவனம் வைத்தது. அன்றியும், ஏற்கெனவே நீரிழிவு உள்ளோர்க்கு இப்பரிந்துரை பொருந்தாது என்று வெளிப்படையாகவே விலக்கு அளித்தது.

அதே ஆண்டு ஜூலை மாதத்தில், புற்றுநோய் ஆராய்ச்சிக்கான பன்னாட்டு முகமை அஸ்பர்டேமைப் புற்றுநோய்க்குக் காரணமாதல் கூடும் என்னும் ஐயப்பிரிவில் சேர்த்தது. ஆனால் உணவுச் சேர்க்கைகளை ஆராயும் வல்லுநர் குழு, உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் வரை கொள்ளலாம் என்ற பழைய அளவை மாற்றவில்லை. இவ்விரண்டில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு அச்சுறுத்துவதும், மற்றொன்றை மட்டும் எடுத்துக்கொண்டு விற்பனை செய்வதும் உண்மைக்கு மாறான செயல்கள். 2024-இல் சென்னை ஆய்வாளர் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், நீரிழிவு உடையோர் காப்பியிலும் தேநீரிலும் சர்க்கரைக்கு மாற்றாகச் சுக்ரலோசை 12 வாரம் சேர்த்துக்கொண்டபோது, எடையும் இடுப்பளவும் சிறிதளவு குறைந்தன; ஆனால் இரத்தச் சர்க்கரையின் மூன்று மாத அளவு, சர்க்கரையைத் தொடர்ந்தோரினின்றும் குறிப்பிடத்தக்க வகையில் வேறுபடவில்லை. ஆகவே இப்பொருள்கள் நஞ்சும் அல்ல, அமிழ்தமும் அல்ல. மருத்துவர் கண்காணிப்பில் நோயாளர்க்குச் சிறு துணையாகலாம். நோயற்றோர்க்கு இவற்றால் உறுதியான நன்மை காணப்படவில்லை.

வேட்கை எங்கே அறுகின்றது?

இனித் தம்மத்தின் வழியில் ஆராய்வோம். சார்பிற் தோன்றும் பன்னிரு நிதானங்களை நம் மணிமேகலைக் காப்பியம் தூய தமிழ்ப் பெயர்களால் வழங்குகின்றது. வாயில் என்பது புலன். வாயில் பொருளைத் தீண்டுவது ஊறு. ஊற்றிலிருந்து நுகர்ச்சி பிறக்கும், நுகர்ச்சியிலிருந்து வேட்கை, வேட்கையிலிருந்து பற்று, இங்ஙனம் தொடர்ந்து வினைப்பயனில் வந்து முடியும். இச்சங்கிலியை எங்கே அறுக்கவேண்டும் என்பதே பௌத்தத்தின் நடுநாயகமான வினா. நுகர்ச்சியை அறுக்க இயலாது. உயிருள்ள நாவிற்கு இனிப்பு இனிக்கவே செய்யும். அறுக்கத்தக்க இடம் நுகர்ச்சிக்கும் வேட்கைக்கும் இடைப்பட்டது. இனிக்கின்றது என்று அறிவதோடு நின்று, இன்னும் வேண்டும் என்னும் எழுச்சிக்கு இடங்கொடாமையே பயிற்சி.

செயற்கை இனிப்பு இச்சங்கிலியை எங்கே அறுக்க முயல்கின்றது? வேட்கையை அது தொடுவதில்லை. வேட்கையை முன்போலவே நிறைவேற்றிவிட்டு, இறுதிக் கண்ணியாகிய பயனை மட்டும் தவிர்த்துத் தருவதாக வாக்களிக்கின்றது. உண்ணலாம், ஆனால் உண்டதன் விளைவு இல்லை என்கின்றது. காரணம் இருக்கக் காரியம் இல்லாமற்போகும் என்னும் இவ்வாக்கு, காரணகாரிய நியதியை அறிந்த பௌத்தன் செவிக்கு ஐயத்தைத் தரவேண்டும். சர்க்கரையால் வரும் ஒரு விளைவு நீங்கலாம். ஆனால் வேட்கையின் விளைவு வேட்கை வளர்தலே அன்றோ? அதனை எம்மாத்திரையும் நீக்குவதில்லை. மிக்க இனிப்பிலே பழகிய நா, கொய்யாவின் இனிமையையும், மென்று உண்ட சோற்றில் தோன்றும் மெல்லிய இனிமையையும் பொருட்படுத்தாது போகும். இதனால்தான் உலக சுகாதார நிறுவனத்தாரும், ஓர் இனிப்பிற்கு மற்றோர் இனிப்பை மாற்றுவதை விடுத்து, இளமையிலிருந்தே உணவின் இனிமையை மொத்தமாகக் குறைத்துக்கொள்ளுமாறு அறிவுறுத்தினர்.

மணிமேகலையில் வரும் காயசண்டிகையின் கதை இங்கு நினைக்கத்தக்கது. பன்னீராண்டுக்கு ஒருமுறை பழுக்கும் நாவற்கனியை, முனிவர் ஒருவர் உண்ணவிருந்த அதனை, அவள் காலால் மிதித்துச் சிதைத்தாள். அதனால் யானைத்தீ என்னும் பெரும்பசி அவளைப் பற்றிற்று. எவ்வளவு உண்டும் அது தணியவில்லை. ஆதிரை இட்ட பிச்சையோடு நிறைந்த அமுதசுரபியிலிருந்து மணிமேகலை அளித்த சோற்றாலேயே அது நீங்கிற்று. உண்டும் ஆறாத பசி என்னும் இக்கருத்து வெறுங்கதை அன்று. நிறைவைத் தராத நுகர்ச்சி எதுவாயினும், அது மீண்டும் மீண்டும் நுகரவே தூண்டும். அமுதசுரபி தந்தது வெறும் சுவையை அன்று. மெய்யான சோற்றை, அன்போடு தந்தது. ஆற்றியது அதுவே.

ஒரே வெல்லம், இரண்டு அளவுகள்

'பகவன் புத்தர் கடுந்தவத்தை விலக்கினார். சுஜாதை அளித்த பாற்சோற்றை ஏற்றார். இனிப்பைப் பழிப்பது நடுவழி ஆகுமா?' என்று வினவுவோர்க்கு விடை கூறல் வேண்டும்.

இனிப்பைப் பழிப்பது நம் கருத்தன்று. விநயபிடகத்தின் மகாவக்கத்தில் மருந்துகளைப் பற்றிய பகுதியைப் படிப்போர், பகவன் இனிப்பை எவ்வளவு நுட்பமாக ஆராய்ந்தார் என்பதை அறிவர். நோயுற்ற பிக்குகளுக்கு அவர் அனுமதித்த ஐந்து மருந்துகள் நெய், வெண்ணெய், எண்ணெய், தேன், வெல்லப்பாகு என்பன. இவற்றையும் ஏழு நாள்களுக்குமேல் வைத்திருத்தலாகாது என்பது விதி. அப்பகுதியிலேயே பேலட்ட கச்சானன் என்னும் வணிகனின் வரலாறும் வருகின்றது. ஐந்நூறு வண்டிகளில் வெல்லக் குடங்களை ஏற்றிச் சென்ற அவன், வழியில் பகவனையும் சங்கத்தாரையும் கண்டு, ஒவ்வொருவர்க்கும் ஒரு குடம் அளித்தான். வேண்டுமளவு கொடுத்தும் வெல்லம் எஞ்சிற்று. பின்னர் இராசகிருகத்தில், வெல்லத்தை ஏற்பது முறையோ என்று பிக்குகள் ஐயுற்றபோது, பகவன் ஒரு தீர்ப்பு அளித்தார். நோயுற்றவன் வெல்லத்தை உண்ணலாம். நோயற்றவன் வெல்லம் கரைத்த நீரைப் பருகலாம் என்பது அதன் சாரம்.

இத்தீர்ப்பு நுட்பமானது. பொருள் ஒன்றே, கொள்வோர் நிலைக்கு ஏற்ப அளவு இரண்டு. வெல்லம் தூயதா தீயதா என்று அவர் வினவவில்லை; இவனுக்கு இது தேவையா, எவ்வளவு தேவை என்றே வினவினார். நடுவழி என்பது இரண்டு பொருள்களுக்கு நடுவே மூன்றாம் பொருளொன்றைத் தேடுவதன்று. சர்க்கரைக்கும் சர்க்கரையின்மைக்கும் இடையே வெண்மாத்திரை ஒன்றை வைத்துவிட்டு அதனை நடுவழி என்று கூறுதல் பொருந்தாது. தேவையை அறிந்து அளவை அறிதலே நடுவழி.

இந்நெறியை இன்றைக்குப் பொருத்தின் மூன்று முடிபுகள் கிடைக்கும். நீரிழிவு உடையவர், மருத்துவர் சொற்படி இம்மாத்திரையை மருந்தெனக் கருதி அளவோடு கொள்வதில் குற்றமில்லை. அவர் அதனைத் திடீரென்று விட்டுச் சர்க்கரைக்குத் திரும்புவது பெருங்கேடு. நோயற்றவர் இதனைக் கொள்வதற்குத் தேவை ஒன்றும் இல்லை. சர்க்கரையையே குறைத்து உண்பது அவர்க்கு நேர்வழி. நாவின் பழக்கம் உருவாகும் பருவத்தில் உள்ள குழந்தைகளுக்கு இதனைக் கொடாதிருத்தல் பெற்றோர் கடமை. வெல்லமும் கருப்பட்டியும் தேனும் 'இயற்கை' எனும் பெயரால் அளவின்றி உண்ணத்தக்கன அல்ல. அவையும் சர்க்கரையே என்பதை மறவற்க.

இது புதிய ஆசாரம் ஆகலாகாது

இவ்விடத்தில் நம் சமூகத்தார் எழுப்பத்தக்க ஒரு வினா உண்டு. அதனை மறைத்துச் செல்லுதல் நேர்மை ஆகாது. 'தலைமுறை தலைமுறையாக நமக்கு நல்லுணவு மறுக்கப்பட்டது. பண்டிகை நாளில் மட்டும் வெல்லத்தைக் கண்ட குடும்பங்கள் நம்முடையவை. இன்று உழைத்துச் சம்பாதித்து, விரும்பியதை வாங்கி உண்ணும் நிலைக்கு வந்துள்ளோம். இப்போது வந்து அடக்கத்தைப் போதிக்கலாமோ?' என்பது அவ்வினா.

இவ்வினாவில் உள்ள வேதனை மெய்யானது. உணவைக் கொண்டே மனிதரைத் தூயர் என்றும் தீட்டுடையர் என்றும் பிரித்த கொடுமையை நம்மினும் அறிந்தோர் யார்? ஆதலின், இனிப்பைக் குறைத்தல் என்னும் பயிற்சி ஒருபோதும் புதிய ஆசாரமாக மாறலாகாது. சர்க்கரையிடாத தேநீரை அருந்துபவன் உயர்ந்தவன், மாத்திரை இடுபவன் தாழ்ந்தவன் என்னும் எண்ணம் தோன்றுமாயின், விட்டுவந்த பழைய நோய் வேறு உருவில் வந்ததென்றே கொள்க. சுத்தநிபாதத்தில் ஆமகந்த சுத்தம் என ஒன்று உண்டு. மனிதனைத் தீட்டுப்படுத்துவது அவன் உண்ணும் பொருளன்று. கொலை, களவு, பொய், வஞ்சகம் முதலிய தீயொழுக்கமே என்பது அதன் போதனை. செயற்கை இனிப்பை உண்பதால் எந்தச் சீலமும் கெடுவதில்லை. எனவே, பிறர் கோப்பையை நோக்கிக் குறை கூறுதல் நம் வேலை அன்று. ஒவ்வொருவரும் நோக்கவேண்டியது தம் கோப்பையையே.

ஆனால் வினாவின் மறுபாதிக்கும் விடை வேண்டும். விரும்பியதை வாங்கும் உரிமை பெற்றோம், நன்று. அவ்விருப்பத்தை நம்முள் விதைப்பவர் யார்? சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்னும் மூன்றையும் தாம் புத்தரின் போதனையிலிருந்தே பெற்றதாக அண்ணல் அம்பேத்கர் 1954-இல் வானொலி உரையில் எடுத்துரைத்தார். சுதந்திரம் என்பது வெளியாரின் கட்டளையிலிருந்து விடுபடுவதோடு முடிவதன்று. விளம்பரம் கை நீட்டிய திசையில் நா ஓடுமாயின், பழைய எசமானன் போய்ப் புதிய எசமானன் வந்தான் என்பதே பொருள். நேற்று நமக்கு இனிப்பை மறுத்த உலகம் இன்று மிகுந்த இனிப்பை மலிவாக விற்கின்றது. அதனால் நோய் வந்தபின் சர்க்கரை அற்ற இனிப்பை அதிக விலைக்கு விற்கின்றது. இரண்டு கடைகளிலும் பணம் கொடுப்பவர் நாமே. ஆகவே இனிப்பைக் குறைத்தல், நமக்கு உரியதை இழத்தல் அன்று; நம் நாவை நாமே ஆளுதலாகும்.

பெயரும் பொருளும்

நான்காம் சீலம் பொய்யாமை. வாணிகத்தில் அது நல்வாழ்க்கை என்னும் அங்கத்தோடு இணைகின்றது. பொருளின் மேலிட்ட பெயர் ஒன்று, உள்ளிருக்கும் பொருள் வேறொன்று எனில், அது பொய்யே ஆகும். இதற்கு ஐதராபாத்திலேயே அண்மைச் சான்று ஒன்று உண்டு. வயிற்றுப்போக்கால் நீரிழந்த குழந்தைகளுக்குக் கொடுக்கும் உப்புச்சர்க்கரைக் கரைசலில், லிட்டர் ஒன்றுக்கு 13.5 கிராம் குளுக்கோஸ் என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த அளவு. அதனினும் பல மடங்கு சர்க்கரை கலந்த பானங்கள், 'ஓ.ஆர்.எஸ்.' என்னும் எழுத்துகளைத் தம் பெயரில் தாங்கி மருந்துக் கடைகளில் விற்கப்பட்டன. இந்நகரத்துக் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் எட்டாண்டுகள் தளராது போராடினார். அதன் பயனாக, 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள், அவ்வெழுத்துகளைப் பானங்களின் பெயரில் பயன்படுத்தலாகாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் ஆணையிட்டது. அது சர்க்கரையைப் பற்றிய வழக்கே ஆயினும், அதன் பாடம் செயற்கை இனிப்பிற்கும் பொருந்தும். பெயரை நம்பாதே, உள்ளிருப்பதைப் படி என்பதே அப்பாடம்.

தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ஆம் ஆண்டு மே மாதத்தில் வெளியிட்ட உணவு வழிகாட்டியும் இதனையே வலியுறுத்துகின்றது. 'சர்க்கரை அற்றது' என விற்கப்படும் பண்டங்களில் கொழுப்பும், மாவும், மறைவான வேறு சர்க்கரைகளும் நிறைந்திருத்தல் கூடும் என்று அது எச்சரிக்கின்றது. உறையின் பின்புறத்தில் சிறிய எழுத்தில் அச்சிட்ட எண்களை அறிந்துகொள்வது நன்று. 950 என்பது அசிசல்பேம், 951 அஸ்பர்டேம், 954 சாக்கரின், 955 சுக்ரலோஸ், 960 சீனித்துளசியிலிருந்து எடுத்த இனிப்பு. எழுதப் படிக்கும் உரிமைக்காக நம் முன்னோர் பட்ட பாட்டை நினைப்போமாயின், உறையின் பின்புறத்தைப் படிப்பதும் அக்கல்வியின் பயன்களுள் ஒன்றென அறிவோம். வீட்டில் படித்த பிள்ளைகள், படிக்க இயலாத பெரியவர்களுக்கு இவ்வெண்களைப் படித்துக் காட்டுவார்களாக.

சிறிது சிறிதாகக் குறைத்தல்

கோசல மன்னன் பசேனதி பெருந்தீனிக்காரன். ஒருநாள் பெரும்படி அரிசிச் சோற்றை உண்டு, மூச்சு வாங்கப் பகவனிடம் வந்து அமர்ந்தான். பகவன் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. உண்ணாவிரதம் பூணுமாறும் கூறவில்லை. அளவறிந்து உண்பவனுக்கு நோவு குறையும், முதுமை மெல்ல வரும் என்னும் கருத்துடைய ஒரு பாடலை மட்டும் உரைத்தார். அருகிருந்த சுதஸ்ஸனன் என்னும் இளைஞன் அதனைக் கற்று, மன்னன் உண்ணும்போதெல்லாம் ஓதினான். மன்னன் படிப்படியாகக் குறைத்து, நாழி அரிசிச் சோற்றில் வந்து நின்றான். உடல் நலம் பெற்றபின், இம்மைக்கும் மறுமைக்கும் பகவன் தனக்கு அருள் செய்தார் என்று மகிழ்ந்தான். இவ்வரலாறு சம்யுத்த நிகாயத்தில் உள்ளது.

இதில் நாம் கற்கவேண்டுவன மூன்று. முதலாவது, குறைப்பு படிப்படியாக நிகழ்ந்தது. தேநீருக்கு இரண்டு கரண்டி சர்க்கரையிட்டுப் பழகியவர் முதலில் ஒன்றரையாகவும், இரண்டு மூன்று வாரங்களுக்குப் பின் ஒன்றாகவும், பின்னர் அரையாகவும் குறைப்பாராயின், நா எதிர்ப்பின்றிப் பின்தொடரும். மாத்திரை இடுவோரும் இரண்டை ஒன்றாக்கலாம், ஒன்றைப் பாதியாக்கலாம். இரண்டாவது, உண்ணும் வேளையில் நினைவூட்டல் இருந்தது. எதற்காக உண்கின்றோம், விளையாட்டிற்கா, உடலைத் தாங்குதற்கா என்று ஒரு கணம் எண்ணிப் பார்க்கும் வழக்கம் பிக்குகளுக்கு உண்டு. இல்லறத்தாரும் அதனை மேற்கொள்ளலாம். மூன்றாவது, மன்னன் தனியே முயலவில்லை. அருகில் ஒருவன் துணையிருந்தான். வீட்டில் ஒருவர் மட்டும் குறைத்து, மற்றவர் முன்போல் உண்பது பயன் தராது. குடும்பம் முழுவதும் கூடிக் குறைக்கவேண்டும்.

சங்கமும் இதில் துணைசெய்தல் தகும். வைகாசிப் பௌர்ணமியும், ஏப்ரல் 14-ஆம் நாளாகிய அண்ணல் பிறந்தநாளும் ஐதராபாத்தின் கடுங்கோடையில் வருவன. உசேன்சாகர் நடுவே 1992-இல் நிறுவப்பெற்ற ஒற்றைக்கல் புத்தர் சிலையைக் காணவும், அம்பேத்கர் சிலைகளுக்கு மாலையிடவும் அந்நாள்களில் மக்கள் திரள்கின்றனர். தாகம் தீர்ப்பது பெருந்தானம். அத்தானத்தைப் புட்டிப் பானங்களாலே செய்யவேண்டும் என்னும் நியதி இல்லை. பானைத் தண்ணீரும், நீர்மோரும், உப்பிட்ட எலுமிச்சை நீரும், இந்நகரில் கோடைதோறும் வந்து குவியும் நுங்கும் தாகத்தை நன்கு தணிப்பன. விழா விருந்தில் இனிப்பு ஒன்று வைப்பதில் தடையில்லை. அது ஒன்றாகவும் சிறியதாகவும் இருக்கட்டும். நீரிழிவு உடைய பெரியவர்க்குச் சர்க்கரை அற்ற பண்டத்தைத் தனியே எடுத்துவைக்கும் அன்பும் இருக்கட்டும். அடக்கமும் கருணையும் ஒன்றுக்கொன்று பகை அல்ல.

தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்கு இப்போது விடை கூறலாம். சர்க்கரையை நீக்கிச் செயற்கை இனிப்பைச் சேர்ப்பவன் ஒரு பொருளை விட்டான்; வேட்கையை விடவில்லை. நோயாளனுக்கு அதுவும் ஒரு படி. அப்படியில் அவன் நிற்பதை ஒருவரும் இகழற்க. ஆனால் ஏறத்தக்க படிகள் மேலும் உள. நாளை காலைத் தேநீரில் அரைக் கரண்டி குறைப்பவன், அவ்வரைக் கரண்டி அளவிற்கு வேட்கையின் ஆட்சியினின்றும் நீங்குகின்றான். சிறிதாயினும் அது மெய்யான நீக்கம். உபாசக உபாசிகையர் அனைவரும் இதனை எண்ணிப் பார்த்து, தத்தம் இல்லங்களில் இயன்றவாறு தொடங்குவார்களாக.

சாது! சாது! சாது!